அதே டீக்கடைக்கு மறுநாளும் போங்கள்

கேள்வி: எனக்கு வயது 51. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக 25 வருடம் இருந்தேன். ஷிப்மென்ட் தேதியை வைத்தே வாழ்க்கை ஓடியது. போன வருடம் வேலையை விட்டுவிட்டு, பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன பிரிட்ஜ், கூரையில் சோலார் என்று கேம்பர் வேனாக மாற்றினேன். முதல் பயணம் தனியாக, 9 நாள். மறையூர், மூணாறு, வட்டவடை, பூப்பாறை, ராமக்கல்மேடு, குமுளி, வாகமண், தென்மலை, குற்றாலம். திரும்பி வந்து போனைப் பார்த்தால் ஆயிரத்துக்கு மேல் போட்டோ இருக்கிறது. எந்த அருவி எந்த ஊர் என்று சொல்லத் தெரியவில்லை. எங்கே நிறுத்தினாலும் அரை மணி நேரத்தில் கை சாவியைத் தேடுகிறது. "இதுக்கா வேலையை விட்டே?" என்று அண்ணன் கேட்கிறார். தைப் பொங்கல் கழிந்து 12 நாள் மறுபடி கிளம்பப் போகிறேன். நிதானமாகப் போவதைக் கற்றுக்கொள்ள முடியுமா? எங்கே போகட்டும்? ராத்திரி தனியாக நிறுத்தப் பயந்துதான் ஓடிக்கொண்டே இருக்கிறேனோ என்றும் சில சமயம் தோன்றுகிறது.
— வாசகி, திருப்பூர்

பதில்:

வணக்கம் சகோதரி.

கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது. இன்று இரவு எங்கே என்பது முடிவாகாத வரை மனம் எந்த இடத்திலும் இறங்காது. மத்தியானம் மூன்று மணிக்கு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தாலும் உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்: இருட்ட இன்னும் மூன்று மணி நேரம், அதற்குள் எங்காவது போய்ச் சேர வேண்டும், அங்கே எப்படியோ என்னவோ. அந்தக் கணக்கு ஓடும்போது யாராலும் ஆற்றைப் பார்க்க முடியாது. தனியாகப் போகும் பெண்களுக்கு இது இன்னும் அதிகம். அதைச் சுபாவக் கோளாறு என்று எண்ணி உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். இரவுக்கு இடம் உறுதியானால் பகல் தானாக நீளும். எப்படி உறுதி செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

மறுபாதி உங்கள் வழித்தடம். மலைச் சாலையில் டிராவலர் அளவுள்ள வண்டி மணிக்கு 25, 30 கிலோமீட்டர்தான் போகும். மூணாறிலிருந்து பூப்பாறை, ராமக்கல்மேடு சுற்றிக் குமுளி போய்ச் சேர்வதற்கே ஒரு பகலின் பெரும்பகுதி ஸ்டியரிங்கில் போய்விடும். 9 நாளில் 9 ஊர் என்றால், ஒவ்வோர் ஊரிலும் உங்களுக்குக் கிடைத்தது ஒரு சாயங்காலத்தின் மிச்சமும் ஒரு காலையின் தொடக்கமும்தான். அந்த நேரத்தில் மலையூர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பனி, டீக்கடை, ஏலக்காயும் சாக்லேட்டும் விற்கும் கடை, வியூ பாயிண்டில் நிற்கும் ஜீப். எந்த அருவி எந்த ஊர் என்று குழம்பியதற்கு ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீர்கள். பிடித்துக்கொள்ள அதற்கு நீங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை.

இந்தத் தமிழக-கேரள எல்லைப் பகுதியில் சொந்த வண்டியில் சுற்றுகிறவர்களுக்கு வழித்திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். நிதானத்தைக் கிலோமீட்டரில் அளந்து சொன்னால் பலிப்பதில்லை என்று அதில் கண்டிருக்கிறேன். "ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதீர்கள்" என்றால், உங்களைப் போல வேலை பார்த்தவர்கள் அதையும் ஒரு டார்கெட்டாக எடுத்துக்கொண்டு முடித்துவிடுவார்கள். போனை அணைத்துவிடு, திட்டமே போடாதே, மனம் போன போக்கில் போ என்று சிலர் சொல்கிறார்கள். காட்டுச் சாலையில் மாலையானால் சோதனைச்சாவடியை மூடிவிடக்கூடிய இந்தப் பக்கத்தில் அது ஆபத்தான யோசனை. நான் சொல்வது ஒரே ஒரு விதி. எந்த இடத்துக்குப் போனாலும் அங்கேயே இன்னொரு முறை, வேறொரு நேரத்தில் போங்கள். இரண்டாம் முறை போக முடியாத இடத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

முதல் முறை போகும்போது, வந்து போகும் எல்லாருக்கும் கிடைப்பதுதான் உங்களுக்கும் கிடைக்கும். டீக்கடையில் முதல் நாள் "எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டுச் சில்லறையைக் கொடுத்து அனுப்புவார்கள். மறுநாள் அதே நேரத்துக்குப் போய் உட்கார்ந்தால் "இன்னிக்கும் இங்கேதானா அக்கா?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் ஊர் பேச ஆரம்பிக்கும். எந்தத் தோட்டத்தில் ராத்திரி யானை வந்தது, எந்த ஆலையில் இன்றைக்கு வெல்லம் காய்ச்சுகிறார்கள், எந்த பஸ் சொன்ன நேரத்துக்கு வரும் என்பதெல்லாம் மூன்றாம் நாள் தானாக உங்கள் காதுக்கு வரும். இடங்களும் அப்படித்தான். காலையில் பார்த்த பாறையைச் சாயங்காலம் பார்த்தால், முன்பு பார்த்ததிலிருந்து எது மாறியிருக்கிறது என்று கண் தானாகத் தேடும். ரசிக்க வேண்டும் என்று நீங்கள் தனியாக முயற்சி செய்ய வேண்டியதில்லை.

எங்கே போவது? மறையூருக்குப் போங்கள். ஏற்கெனவே போன ஊராயிற்றே என்பீர்கள், அதற்காகவே சொல்கிறேன். ஐந்து இரவு அங்கே இருங்கள்.

உடுமலையிலிருந்து மறையூர் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனைமலைப் புலிகள் காப்பகத்து ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரள எல்லையில் சின்னாறு வனவிலங்கு சரணாலயம். போன முறை இந்த வழியில்தான் ஏறியிருப்பீர்கள், ஆனால் மூணாறு நினைப்பில் தாண்டியிருப்பீர்கள். கேரளம் என்றால் மழையும் பச்சையும் என்று நினைத்து வருகிறவர்களைச் சின்னாறு திகைக்க வைக்கும். முள்மரம், கள்ளி, காய்ந்த புல். தென்மேற்குப் பருவமழையை 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் அதைச் சுற்றிய மலைகளும் மேற்கிலேயே வாங்கிக்கொள்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்கு மழைதான் சின்னாற்றுக்குச் சோறு போடுகிறது. வறண்ட முட்காட்டில் நட்சத்திர ஆமையும், ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற அணிலும் உண்டு. பழங்குடி வழிகாட்டிகளோடு வனத்துறை நடத்தும் நடைப்பயணங்களை அங்கே விசாரியுங்கள். ஒரு நாள் காலை போனால், இன்னொரு நாளும் போங்கள். முதல் நாள் யானை தெரியுமா, தெரியுமா என்றே நடப்பீர்கள். இரண்டாம் நாள் வழிகாட்டி எதைப் பார்த்து நின்றார், எந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தார் என்று கவனிக்கத் தொடங்குவீர்கள்.

உங்கள் மாவட்டத்துக்காரர்களே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடுவது மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. மறையூர்ப் பக்கம் கோவில்கடவில் நீங்கள் காணும் பாம்பாறுதான் சின்னாறு என்கிற ஆற்றோடு சேர்ந்து அமராவதி அணைக்கு வருகிறது. உடுமலை, தாராபுரம், கரூர் வயல்களுக்குப் பாய்ந்து காவிரியில் கலக்கிறது. அமராவதியை அணையில் பார்த்திருப்பீர்கள், தாராபுரம் பாலத்தில் தாண்டியிருப்பீர்கள். அதன் மேல்பாகத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்கக் கால் நனைத்து உட்கார்ந்ததுண்டா? ஆற்றில் இறங்கும்போது உள்ளூர்க்காரர் துணி துவைக்கும் படித்துறையாகப் பார்த்து இறங்குங்கள். தெரியாத மடுவில் இறங்க வேண்டாம்.

இப்போது வெல்லத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் சொல்லும் விதி அதில்தான் நன்றாக விளங்கும். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாலையோரப் பலகையைப் பார்த்து நிறுத்தி, ஓர் உருண்டை தின்று பார்த்து, ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். பத்து நிமிடம். போன தடவை நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். இந்த முறையும் முதல் நாள் அப்படியே செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் கிளம்பும் முன் "நாளைக்கு எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவீங்க?" என்று கேட்டு வையுங்கள். மறுநாள் அந்த நேரத்துக்குப் போனால் சாறு பிழிவதைப் பார்க்கலாம். பிழிந்த சக்கையைக் காயவைத்து அதையே அடுப்புக்குத் தள்ளுவார்கள். பெரிய கொப்பரையில் சாறு கொதிக்கக் கொதிக்க அழுக்கு நுரையாக மேலே வரும், அதை அள்ளி அள்ளி எடுப்பார்கள். முதலில் பச்சைச் சாற்றின் வாசம். அப்புறம் பாகு. கடைசியில் லேசாகக் கருகும் எல்லைக்கு வந்து நிற்கும் ஒரு வாசம் வரும். அடுப்படிக்காரர் அதை மூக்கால் அறிந்து, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பார். பதம் வந்ததும் மரத் தட்டில் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருண்டை பிடிக்க வேண்டும். எல்லாம் முடியச் சில மணி நேரம் ஆகும். முழுக்க இருங்கள். துணியின் ஷேடு சரியா இல்லையா என்று 25 வருடம் பார்த்த கண் உங்களுடையது. ஒரு கொப்பரைக்கும் இன்னொரு கொப்பரைக்கும் நிறம் மாறுவதை என்னைவிட நீங்கள் சீக்கிரம் கண்டுபிடிப்பீர்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்பதற்கு உங்களிடம் நல்ல கேள்விகள் இருக்கும், அவர்களுக்கும் அது பிடிக்கும். ஆனால் அடுப்பு எரியும்போது வழியை அடைத்து நின்று போட்டோ எடுக்காதீர்கள். பாகு பட்டால் சதை போய்விடும்.

கோவில்கடவுப் பக்கத்துப் பாறைமேட்டில் முனியறைகள் இருக்கின்றன. பெருங்கற்காலத்து ஈமக் கற்கள், நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி மேலே ஒரு மூடுகல். வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கியது என்று உள்ளூரில் கதை உண்டு. ஒரு முறை வெயில் ஏறும் முன்பும் ஒரு முறை பொழுது சாயும்போதும் போங்கள். கல்மேல் ஏறி நிற்கக் கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சந்தனக் காட்டை வேலிக்கு வெளியிலிருந்தே பார்க்க முடியும். சாலையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள், வண்டியில் போகும்போது தெரிவது வேலி மட்டும்தான். சந்தன மரம் தன் வேரைப் பக்கத்துச் செடி மரங்களின் வேரில் ஒட்டவிட்டுத்தான் தண்ணீரும் சத்தும் எடுக்கிறது. இது தெரிந்து பார்த்தால் அதைச் சுற்றியுள்ள மற்ற மரங்களையும் பார்ப்பீர்கள். கீழே கிடக்கும் சுள்ளியைக்கூட எடுக்காதீர்கள், பெரிய வழக்காகிவிடும்.

ஒரு நாள், வசதிப்பட்டால் இரண்டு நாள், வேனை நிறுத்தின இடத்திலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் காந்தலூர் ஏறுங்கள். வேன் வைத்திருக்கிறவர்கள் செய்யத் தயங்குவது இதைத்தான். செங்குத்தான அந்தச் சாலையில் வண்டியை நீங்களே ஓட்டினால் கண் முழுக்க வளைவில்தான் இருக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் படிப்படியாக வெட்டிய காய்கறி வயல்களும் பூண்டுப் பாத்திகளும் தெரியும், பக்கத்தில் உட்காருகிறவர் பேச்சுக் கொடுப்பார். அஞ்சுநாடு என்று சொல்லும் மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தலூர், கொட்டகுடி ஆகிய ஊர்களில் பழைய குடும்பங்களின் பேச்சு தமிழ்தான். மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் எங்கள் முன்னோர் என்று சொல்வார்கள். அந்தக் கதையைச் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர் கிடைத்தால் உட்கார்ந்து கேளுங்கள். அவசரமாகக் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

மூணாறு அங்கிருந்து 40 கிலோமீட்டர். "ஒரு எட்டுப் போய்விட்டு வரலாமே" என்று மூன்றாம் நாள் நிச்சயம் தோன்றும். இந்த முறை வேண்டாம்.

சாவியைத் தேடும் கையைப் பற்றி. "சும்மா உட்கார்ந்து இயற்கையை ரசியுங்கள்" என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். காலையில் எழுந்ததிலிருந்து கைக்கும் கண்ணுக்கும் வேலை இருந்த ஒருவரால் திடீரென்று சும்மா இருக்க முடியாது. முயன்றால் அரை மணியில் எரிச்சல்தான் வரும். கைக்கு வேலை கொடுங்கள், அதுவும் அந்த ஊரோடு தொடர்புள்ள வேலையாக இருக்கட்டும். பாலைப் பாக்கெட்டாகக் கொண்டுபோகாமல், கறக்கும் வீட்டில் காலையில் தூக்குப் போணியோடு போய் வாங்குங்கள். காய்கறியை இரண்டு நாளுக்கு மேல் சேர்த்து வாங்காதீர்கள், கடைக்குத் திரும்பப் போக ஒரு காரணம் இருக்கட்டும். துணியை ஆற்றில் அலசுங்கள், சோப்பு மட்டும் ஆற்றில் வேண்டாம். கீரை ஆய்வது, அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலையை வேனின் படியில் உட்கார்ந்து செய்யுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே செய்தால் யாரும் வர மாட்டார்கள். படியில் உட்கார்ந்து கீரை ஆய்கிற பெண்ணிடம் எந்த ஊர்ப் பெண்ணும் ஒரு வார்த்தை பேசாமல் தாண்டிப் போவதில்லை. முதல் இரண்டு நாள் கை பரபரக்கத்தான் செய்யும். அந்த இரண்டு நாளில் ஊரை மாற்றும் முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

வேனும் உங்களைத் துரத்தும், அதையும் கவனியுங்கள். பேட்டரி இறங்குகிறது, தண்ணீர் தீர்கிறது என்றால் வண்டியை எடுக்கத் தோன்றும். ஓடினால்தான் பேட்டரி ஏறும் என்கிற அமைப்பாக இருந்தால் நிச்சயம் தோன்றும். கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட் சின்ன கம்ப்ரசர் பிரிட்ஜ் ஒரு நாளைக்கு 400 முதல் 600 வாட்-மணி இழுக்கும். ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, போன் எல்லாம் சேர்ந்து இன்னொரு 250. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 1,280 வாட்-மணி. கூரையில் 200 வாட் சோலார் பலகை இருந்தால் தை மாத வெயிலில் 700, 800 வாட்-மணி திரும்பக் கிடைக்கும். அதாவது, பகலில் பலகை மேல் நிழல் விழாமல் நிறுத்தினால் ஐந்து நாளும் வண்டியை அசைக்க வேண்டியதில்லை. மறையூர் இரவுக் குளிரில் மின்விசிறியே வேண்டியிருக்காது. தண்ணீர் 60 லிட்டர் தொட்டி என்றால், குளியலை வெளியே வைத்துக்கொண்டால், ஒரு ஆளுக்கு நான்கு நாள் தாராளமாக வரும்.

குளிர்கிறது என்று அடுப்பை எரியவிட்டு, கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு மட்டும் தூங்கிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே காற்றுப் போக்கி தரைமட்டத்தில் ஒன்று இருக்க வேண்டும். உங்கள் வேனில் இல்லையென்றால் கிளம்பும் முன் போட்டுவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இனி இரவு. காட்டுப் பகுதியிலும் சாலையோர வியூ பாயிண்டிலும் ஒருபோதும் தங்காதீர்கள். காட்டுக்குள் வண்டியை நிறுத்தவே அனுமதி கிடையாது. பெரிய காம்பவுண்டுள்ள ஹோம்ஸ்டே ஒன்றைப் பிடித்து, "அறை வேண்டாம், வேனை உள்ளே நிறுத்திக்கொள்கிறேன், கழிப்பறையும் தண்ணீரும் வேண்டும்" என்று போனிலேயே பேசுங்கள். முன்பெல்லாம் இதைக் கேட்டால் புரியாமல் விழிப்பார்கள். 2021இல் கேரள அரசு 'கேரவன் கேரளா' என்று கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்த பிறகு பலருக்கும் விஷயம் தெரிகிறது. குடும்பமாக வசிக்கும் வீடாக இருந்தால் உங்களுக்கு நல்லது. ஐந்து இரவும் அங்கேதான் என்று முன்பே சொல்லிப் பணம் பேசிவிடுங்கள். தினம் தினம் புது இடம் தேடுவதில் போகும் சக்தி அத்தனையும் மிச்சம்.

முதல் நாள் நான்கு மணிக்குள் போய்ச் சேருங்கள். வெளிச்சத்திலேயே கழிப்பறைக்குப் போகும் வழி, கேட்டின் பூட்டு, நாய் கட்டியிருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் முகம் வெளியே பார்த்தபடி நிறுத்துங்கள். ஓட்டுநர் இருக்கையில் எதையும் போட்டு வைக்காதீர்கள், சாவி எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். திரையை இழுத்த பிறகு விளக்கைப் போடுங்கள். போனில் சிக்னல் எந்த மூலையில் வருகிறது என்று தெரிந்து வையுங்கள். அவசரத்துக்கு 112, இரண்டு மாநிலத்திலும் அதே எண். அண்ணனுக்கோ தோழிக்கோ தினம் ஒரே நேரத்தில் ஒரு செய்தி போகட்டும். முதல் இரவு தூக்கம் சரியாக வராது, இலை விழுந்தாலும் எழுந்து உட்காருவீர்கள். இரண்டாம் இரவு அந்தச் சத்தங்கள் எல்லாம் இன்னது இன்னது என்று தெரிந்துவிடும். ஒரே இடத்தில் தங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். போன பயணத்தில் உங்களுக்கு வாய்த்தது எல்லாமே முதல் இரவுகள்தான், பயந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

பொழுது சாய்ந்த பிறகு மறையூர், சின்னாறு சாலையில் ஓட்டாதீர்கள். யானை நின்றால் ஹாரன் வேண்டாம், விளக்கை அடித்துக் காட்டவும் வேண்டாம். தள்ளி நிறுத்தி, அது போகும் வரை பொறுங்கள்.

அப்புறம் பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோடு, அங்கும் ஐந்து நாள். உடுமலைக்கு இறங்கி, பொள்ளாச்சி, கோவிந்தாபுரம், முதலமடை வழியாகப் போனால் அரைநாள் ஓட்டம். தைப்பூசத்தை ஒட்டிப் பழனி பாத யாத்திரைக்காரர்கள் சாலையோரமாக நடந்து வருவார்கள், விடிகாலையிலும் இரவிலும் அங்கே ஓட்டாமல் இருப்பது நல்லது. கொல்லங்கோட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் பட்டியல் சின்னதுதான். நெல்வயல், பனைமரம், தெற்கே சுவர் போல எழுந்து நிற்கும் நெல்லியாம்பதி மலை. உங்களுக்கு அதுதான் வேண்டும். பட்டியல் முடிந்த பிறகும் நாள் மிச்சமிருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்த மாதத்தில் கிழக்குக் காற்று பலமாக அடிக்கும். வேனின் கதவு காற்று வரும் பக்கம் இல்லாமல் மறுபக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அடுப்பு அணைந்துகொண்டே இருக்கும். இரண்டாம் போகம் அப்போது முற்றிக்கொண்டிருக்கும். ஒரே வயல் வரப்பில் ஐந்து நாளும் காலையில் நடந்தால் நிறம் மாறுவது உங்கள் கண்ணுக்குத் தப்பாது. முதலமடை மாங்காய் மற்ற ஊர்களை முந்திக்கொண்டு சந்தைக்கு வருவது. தோட்டங்களில் பூவும் பிஞ்சும் இருக்கும். ஒரு நாள் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் பாலக்காட்டுப் பக்கம் ராமசேரி போய், மண்பானை வாயில் துணி கட்டி வேகவைக்கும் தட்டை இட்லியைச் சாப்பிடுங்கள். தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைவேலை அது. முதலமடையிலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் தமிழ் பேச ஆள் தேட வேண்டியதில்லை.

யாருக்கும் தெரியாத அருவி, மறைந்திருக்கும் இடம் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். அவற்றின் பின்னால் போகாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். பெரும்பாலும் அது யாரோ ஒருவருடைய தோட்டமாகவோ, வனத்துறை மூடிவைத்த இடமாகவோ இருக்கும். தனியாக வருகிறவர் வழுக்கி விழுந்தால் ஆள் வர நேரமாகும்.

அண்ணன் கேட்டதற்கு இப்போதைக்குப் பதில் சொல்ல வேண்டாம். முடிந்தால் கொல்லங்கோட்டில் ஒரு நாள் அவரை வரச் சொல்லுங்கள். பொள்ளாச்சி வந்து பஸ் பிடித்தால் வந்துவிடலாம். நீங்கள் தினம் போகும் டீக்கடைக்கு அவரைக் கூட்டிப் போங்கள்.

கிளம்பும் முன் மூன்று வேலை. வேனை மாற்றி அமைத்ததை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. ஏற்றாமல் இருந்தால் சோதனைச்சாவடியில் மட்டுமல்ல, விபத்துக் காப்பீட்டிலும் சிக்கல் வரும். பிரேக் ஆயிலை மாற்றி, நான்கு சக்கரத்துப் பிரேக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டில், தொட்டி, பேட்டரி என்று வண்டியின் எடை கூடியிருக்கிறது. மறையூரிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். பின்னால் வருகிற ஜீப்காரர் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழிவிட்டுவிட்டு, மெதுவாகவே வாருங்கள்.